நகத்துக்குள் ரத்தம் கட்டினால்: அப்படியே விடுவதா, துளை போடுவதா?

ஆனி மாதச் சாரல். தரையெல்லாம் ஈரம். முழு சிலிண்டரை உருட்டி அடுக்களைக்குள் கொண்டுபோகும்போது வழுக்கி என் வலதுகால் பெருவிரலில் விழுந்தது. கேஸ் மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோவுக்குப் பக்கம். அரை மணி நேரத்தில் நகம் முக்கால்வாசி கருநீலம்.

"கெடக்கட்டும் மக்ளே, தன்னால செரியாவும்" என்றார் அம்மா. போன வருடம் ரப்பர் ஷீட் ரோலரில் கட்டைவிரலை நசுக்கிக்கொண்ட அண்ணனுக்கும் இதையேதான் சொன்னார். கடுகளவு கறுப்பு, பொறுக்கக்கூடிய வலி என்றால் அம்மா சொல்வது சரிதான்: துணியில் சுற்றிய ஐஸ், காலைத் தூக்கி வைத்துப் படுப்பது, அவ்வளவு போதும்.

எனக்கு அப்படி இல்லை. நாடித்துடிப்போடு சேர்ந்து விரல் விண் விண்ணென்று தெறித்தது. நகம் மேலே விரியாது. அடியில் சேரும் ரத்தத்துக்குப் போக வழியில்லை. அந்த அழுத்தம்தான் வலி. மறுநாள் காலையிலேயே தக்கலையில் ஒரு டாக்டரிடம் போனேன். முதலில் எக்ஸ்ரே, எலும்பு முறியவில்லை. அப்புறம் பழுக்கச் சூடான கம்பி முனையை நகத்தில் வைத்தார். முடி பொசுங்கும் நாற்றம், ஒரு சொட்டு கறுப்பு ரத்தம், பின்னாலேயே நாலைந்து சொட்டு. நகத்துக்கு நரம்பு கிடையாது, அதனால் சுடவில்லை. பஞ்சை வைத்து ஒற்றி முடிப்பதற்குள் தெறிப்பு நின்றுவிட்டது.

இதில் நேரம்தான் எல்லாம். முதல் ஓரிரு நாள் ரத்தம் நீராக இருக்கும்போதே துளை போட வேண்டும். அண்ணன் மூன்று ராத்திரி தூங்காமல் கிடந்துவிட்டு நாலாம் நாள் போனார். உறைந்துவிட்டது, இனித் துளைத்தாலும் வராது என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதோடு, வலியும் அதற்குள் தானாகக் குறையத் தொடங்கியிருந்தது.

நகத்தையே பிடுங்குவது மூன்றாவது வழி. நகம் விளிம்போடு கிழிந்தாலோ பெயர்ந்தாலோதான் அந்தப் பேச்சு. வெறும் கறுப்புக்காக நான் சம்மதிக்க மாட்டேன். வீட்டில் ஊசியைச் சுட்டுக் குத்துவதும் வேண்டாம். எலும்பு முறிந்திருந்தால் கிருமி உள்ளே போய்விடும்.

துளை போட்டதில் தொல்லையும் உண்டு. சில நாள் காயம் நனையக் கூடாது என்றார்கள். சாரல் காலத்தில் பாலித்தீன் கவரைக் காலில் கட்டிக்கொண்டு நடந்தேன். நிறம் மாறும் கணக்கில் இரண்டு வழியும் ஒன்றுதான்: கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும், முழுதும் மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அண்ணனுடையது கைநகம், ஆறு மாதத்தில் தெளிந்துவிட்டது. எப்படிச் செய்தாலும் நகம் கழன்று விழலாம்.

நான் சொல்வது இரண்டு விரல்களை வைத்துத்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். அடியே படாமல் நகத்தில் கறுப்பு வந்து, நகம் வளர்ந்தும் அது முன்னால் நகராமல் இருந்தால் அது வேறு விஷயம்; தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.