மாடிவீடா, இருக்கிற இடமா? கொழும்புத் தோட்டங்களுக்கு மூன்று வழிகள்

கொழும்பு வளர வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. யார் இருக்கிற நிலத்தில் வளர்வது என்பதில்தான் சண்டையே. நகர அபிவிருத்தி அதிகார சபை முன்பு எடுத்த கணக்குப்படி தோட்டங்களிலும் (நெருக்கமான பழைய குடியிருப்புகளைக் கொழும்பில் இப்படித்தான் சொல்வது) சேரிகளிலும் இருந்தவை 68,812 குடும்பங்கள். நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர். அவர்கள் குடியிருக்கும் நிலமோ நகரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் அதில் கொம்பனித்தெரு, மருதானை போன்ற விலை கூடிய இடங்களும் இருப்பதால், எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் கை நீளுவது அந்தப் பக்கம்தான்.

இந்தக் குடும்பங்களை என்ன செய்வது என்பதற்குக் கடந்த நாற்பது ஆண்டுகளில் மூன்று வழிகள் இந்த நகரத்திலேயே பரீட்சித்துப் பார்க்கப்பட்டிருக்கின்றன. அதனால் வெளிநாட்டு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

முதலாவது, 1984இல் அப்போதைய பிரதமர் பிரேமதாச தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம். அரசு வீடு கட்டிக் கொடுக்கவில்லை. சின்னக் கடன் கொடுத்தது, நிலத்தை அளந்து பிரித்தது. ஒழுங்கை எவ்வளவு அகலம், பொதுக் குழாய் எங்கே என்பதையெல்லாம் அந்தந்தத் தோட்டத்துச் சபையே பேசி முடிவெடுத்தது. வடிகால், கழிப்பறை போன்ற சில்லறை வேலைகளின் ஒப்பந்தமும் குடியிருப்பாளர்களுக்கே கிடைத்தது. இன்றைய பெரிய திட்டங்களில் இதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இரண்டாவது, 2010க்குப் பிறகு வந்த நகர மீளுருவாக்கத் திட்டம். அப்போது நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டிருந்தது. அதிலேயே திட்டத்தின் குணம் தெரிந்துவிடும். கணக்கு எளிமையானது: ஆட்களை வனாத்தமுல்லை, தெமட்டகொடை, மட்டக்குளிப் பக்கத்து உயர்மாடிகளுக்கு மாற்று, காலியான நிலத்தை முதலீட்டாளருக்குக் கொடு, வரும் பணத்தில் அடுத்த மாடியைக் கட்டு.

நியாயமாகச் சொன்னால் மாடிவீட்டில் நன்மை உண்டு. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, குழாயில் தண்ணீர், மழைக்கு வெள்ளம் வராது. பொதுக் கழிப்பறை வரிசையில் நின்று வளர்ந்த பெண்ணிடம் இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சிக்கல் வீட்டுக்கு வெளியேதான். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி விடியமுன் நடந்து போகிற தூரத்தில் இருந்தவர். இப்போது பஸ்ஸுக்குக் காசு வேண்டும், அந்நேரத்துக்கு பஸ்ஸும் வேண்டும். வாசலில் இடியப்பம் விற்றவர் பத்தாவது மாடியில் யாருக்கு விற்பது? வீடுகள் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கப்பட்டதால் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா வேறு கட்டடத்தில். நாட்கூலிக்காரருக்கு மாதத் தவணை. சுமார் 400 சதுர அடி வீட்டுக்குப் பல குடும்பங்கள் மொத்தமாக ஏறக்குறைய 10 இலட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. பழைய இடத்தில் இரண்டு மாடி கல்வீடு வைத்திருந்தவருக்கும், பலகை வீட்டில் இருந்தவருக்கும் அதே அளவு வீடுதான். எனக்கு இந்தத் திட்டத்தில் ஆகப் பெரிய அநீதியாகப் படுவது இதுதான்.

மூன்றாவதைப் பலர் மறந்தே போனார்கள். பேஸ்லைன் வீதியோரம் 2001இல் வந்த சஹஸ்புர உயர்மாடி, 671 வீடுகள். அங்கே யோசனை ஒரு கொடுக்கல்வாங்கல்: குடும்பங்கள் தாமாக விரும்பி நிலத்தைக் கொடுத்தன, பதிலுக்கு வீட்டைப் பெற்றன. ஆட்களை மாடிக்கு ஏற்றியதில் இரண்டாவது வழியும் இதுவும் ஒன்றுதான். சம்மதம் முதலில் வந்ததுதான் வித்தியாசம். ஆனால் லிஃப்ட் பழுதானால் யார் பணம் போடுவது என்ற கேள்விக்கு இதிலும் நல்ல பதில் இல்லை.

முதல் வழிக்கும் குறை இருக்கிறது. இரண்டு பேர்ச் (ஏறக்குறைய 50 சதுர மீற்றர்) துண்டில் தொடங்கிய வீட்டில் பிள்ளைகளுக்குக் கல்யாணமானால் மேலே ஒரு தட்டு, அதற்கு மேலே இன்னொன்று. தீயணைப்பு வாகனம் நுழைய முடியாத ஒழுங்கைகள். முழுக் காணி உறுதி கையில் இல்லாமல் வெறும் குடியிருப்பு அட்டையோடு தலைமுறை கடந்தவர்களும் உண்டு.

சூழல் பக்கம் பார்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும். 2010 மே மாத வெள்ளத்தில் நாடாளுமன்ற வளாகமே மூழ்கியது. 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக, அதாவது சதுப்பு நிலங்களைக் காக்கிற நகரமாக, சர்வதேச அங்கீகாரம் பெற்றது. சதுப்பு நிலமும் கால்வாய்க் கரையும் வெள்ளத்துக்கு விட வேண்டிய இடங்கள். ஆகவே கால்வாய்க் கரையில் இருப்பவர்களை அங்கேயே வைத்து வீடு திருத்துவது சரிவராது, நகர்த்தத்தான் வேண்டும். ஆனால் கரையிலிருந்து குடிசையை எடுத்துவிட்டு, தோட்டம் இருந்த நிலத்தை முழுக்கச் சீமெந்து போட்டு மூடினால் மழைத்தண்ணீர் எங்கே போகும்? தூரத்துக்கு அனுப்பிய ஆட்களைத் தினமும் திரும்பக் கூட்டிவரப் போக்குவரத்தும் வேண்டும். இருந்த ஒரு இலகு ரயில் திட்டமும் 2020இல் கைவிடப்பட்டது. அதுவும் மாலபே பக்கம் போகிற பாதை, மட்டக்குளிக்காரருக்கு எப்படியும் உதவியிருக்காது.

நிலம் போதவில்லை என்ற வாதத்தையும் நான் முழுதாக நம்புவதில்லை. காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் கடலை நிரப்பித் துறைமுக நகரத்துக்கு 269 ஹெக்டேயர் புதிதாக எடுத்திருக்கிறோம்.

சரி, எதை எடுப்பது? கால்வாய்க் கரை அல்லாத தோட்டங்களில் முதல் வழியைத் தொடரலாம், உறுதியும் வடிகாலும் சேர்த்து. நெருக்கம் தாங்காத இடத்தில் பம்பலப்பிட்டி ஃபிளாட்ஸ் மாதிரி லிஃப்ட் இல்லாத சில மாடிக் கட்டடம், அதே தோட்டத்திலேயே. உயர்மாடி என்றால் சஹஸ்புர முறையில், கேட்டுச் சம்மதம் வாங்கி, நடந்து வேலைக்குப் போகிற தூரத்தில் மட்டும். அப்புறம் விற்கிற நிலத்தின் பணத்தில் ஒரு பங்கை அந்தக் கட்டடத்தின் லிஃப்டுக்கும் தண்ணீர் பம்புக்கும் தனிக் கணக்கில் போட வேண்டும். நிலம் விற்ற லாபம் ஒருவருக்கு, லிஃப்ட் பில் இன்னொருவருக்கு என்று இருக்கும்வரை எந்த மாடியிலும் பராமரிப்பு நடக்காது.