குழந்தையோட ஃப்ளைட்: முதல்ல ஏறணுமா, கடைசில ஏறணுமா?

சின்னக் குழந்தை வெச்சிருக்கவங்களை ஏர்லைன்ஸ்காரங்க முதல்ல கூப்பிடுவாங்க இல்ல, ப்ரீ-போர்டிங், அதை என் பையன் கைக்குழந்தையா இருந்ததுலேர்ந்து இப்ப யூகேஜி போற வரைக்கும் யூஸ் பண்ணிப் பார்த்துட்டேன். வீட்டுக்காரருக்கு புனேல வேலை, மாமியார் வீடு அம்மா வீடு ரெண்டும் வேலூர்லதான், அதனால சென்னை-புனே ஃப்ளைட் எங்களுக்கு காட்பாடில ஏறி சென்ட்ரல்ல எறங்குற மாதிரி பழகிப்போச்சு. நடுவுல தங்கச்சி வீட்டுக்கு துபாயும் போயிட்டு வந்தோம். இவ்ளோ நாள் பார்த்ததுல என் முடிவு இதுதான். மடியில இருக்குற குழந்தைன்னா கண்டிப்பா முதல்ல ஏறுங்க. நடக்க ஓட ஆரம்பிச்ச குழந்தைன்னா பேகை மட்டும் முதல்ல ஏத்துங்க, குழந்தை கடைசில ஏறட்டும். கேட்லேர்ந்து ப்ளேனுக்கு பஸ்ல கூட்டிட்டு போனா கணக்கே வேற, அதை தனியா சொல்றேன்.

சென்னைக்காரங்களுக்கு இது பெரிய விஷயமா தெரியாது, ஆனா நம்ம ஊர்க்காரங்களுக்கு ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே பாதி பயணம் முடிஞ்சிடுது. வேலூர் சத்துவாச்சாரிலேர்ந்து மீனம்பாக்கம் 130 கிலோமீட்டர் கிட்ட, செக்-இன் கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே மூடிடுவாங்க, ஸ்ரீபெரும்புதூர் தாண்டினா டிராஃபிக் எப்படி இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனால காலைல 11 மணி ஃப்ளைட்டுக்கு விடியறதுக்கு முன்னாடியே குழந்தையை தூக்கத்துல தூக்கி கார்ல போட்டுட்டு கிளம்பணும். வாலாஜா டோல்கேட்ல ஒரு தடவை முழிப்பான், திரும்ப தூங்குவான், ஏர்போர்ட்ல எறக்கும்போது ஃப்ரெஷ்ஷா இருப்பான். போர்டிங் கூப்பிடுற நேரம்தான் அவன் ஓடியாடுற நேரம். வேலூர்லயே அப்துல்லாபுரம் ஏர்போர்ட்லேர்ந்து ஃப்ளைட் விட்டா இந்த பிரச்சனையே இருக்காது, பார்ப்போம்.

கைக்குழந்தை காலத்துல முதல்ல ஏறினா கிடைக்குற அந்த பத்து நிமிஷம் நிஜமாவே பெரிய உதவி. ரெண்டு வயசு ஆகாத குழந்தைக்கு தனி சீட் கிடையாது, மடியிலதான் (டொமஸ்டிக்னாலும் பர்த் சர்டிஃபிகேட் கையில வெச்சுக்கோங்க, கேப்பாங்க). யாரும் பின்னாடி நின்னு அவசரப்படுத்தாம இருக்கும்போதே பால் பாட்டில், ஒரு டவல், ஒரு மாத்து துணி, ரெண்டு டயபர் இதை மட்டும் முன்னாடி பாக்கெட்ல எடுத்து வெச்சுட்டு பெரிய பேகை மேல போட்டுடலாம். ஏர்ஹோஸ்டஸ் கிட்ட குழந்தை பெல்ட்டும் அப்பவே வாங்கிடலாம், நம்ம பெல்ட்டுல ஒரு சின்ன வளையம் வழியா கோத்து குழந்தை இடுப்புல மாட்டுறது, முதல் தடவை அதை போட ரெண்டு கை பத்தாது, குழந்தையை யாராவது பிடிச்சுக்கணும். இன்னொரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது. ஒரு பக்கத்து மூணு சீட்டுக்கு மேல ஆக்ஸிஜன் மாஸ்க் பொதுவா நாலுதான் இருக்கும், அதனால ஒரே பக்கத்துல ரெண்டு கைக்குழந்தை இருந்தா ஒருத்தரை மாத்திடுவாங்க. எல்லாரும் உக்காந்தப்புறம் மாத்துனா எவ்ளோ கஷ்டம் யோசிங்க, முன்னாடியே ஏறினா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்.

ஆனா சீக்கிரம் ஏறினதும் குழந்தை சிணுங்குதுன்னு பாலை குடுத்துடாதீங்க. டேக் ஆஃப் ஆகும்போதும் எறங்கும்போதும்தான் குடுக்கணும், குடிச்சு முழுங்கும்போது காது அடைப்பு விடும். முதல்ல ஏறுறவங்க நிறைய பேர் சீட்டுல உக்காந்த உடனே பாட்டிலை வாயில வெச்சிடுறாங்க, அப்புறம் ப்ளேன் மேல ஏறும்போது குழந்தைக்கு வயிறு நிறைஞ்சிருக்கும், வாயே வெக்காது, காது வலியில கத்தும். பொம்மை, பிஸ்கட், ஜன்னல் எதையாவது காட்டி அதுவரைக்கும் ஓட்டுங்க.

ஒன்றரை வயசுக்கு மேல எல்லாம் தலைகீழ். போர்டிங் ஆரம்பிச்சதுலேர்ந்து ப்ளேன் தரையை விட்டு கிளம்ப முக்கால் மணி நேரம் சாதாரணமா ஆகும், ரன்வேல க்யூ இருந்தா ஒரு மணி நேரம். முதல் ஆளா ஏறுற குழந்தை அவ்ளோ நேரமும் அந்த சீட்டுக்குள்ளயே கிடக்கணும், புனே போற நேரத்துல பாதிக்கு மேல தரையிலயே போயிடும். அதனால நாங்க பிரிஞ்சு ஏறுவோம். ப்ரீ-போர்டிங் கூப்பிட்டதும் வீட்டுக்காரர் ரெண்டு பேகையும் எடுத்துட்டு போயிடுவார், கேட்ல நிக்கிறவங்க கிட்ட "மனைவியும் குழந்தையும் பின்னாடி வர்றாங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போவார். நான் பையனை கண்ணாடிக்கு பக்கத்துல கூட்டிட்டு போய் லக்கேஜ் வண்டியை காட்டிட்டு நிப்பேன், அது வளைஞ்சு வளைஞ்சு வர்றதை பார்த்தா அவன் நகரவே மாட்டான். அப்புறம் ஒரு தடவை பாத்ரூம். க்யூல அஞ்சாறு பேர் மிச்சம் இருக்கும்போது போய் சேர்ந்துக்குவோம். குழந்தையோட போர்டிங் பாஸ் கண்டிப்பா உங்க ஃபோன்ல இருக்கணும், பேகோட போனவர் ஃபோன்ல இருந்தா வேலைக்கு ஆகாது. அப்புறம் கேட்டை 25 நிமிஷத்துக்கு முன்னாடி மூடுற ஏர்லைன் இருக்கு, பாஸ்லயே நேரம் போட்டிருப்பாங்க, அதை பார்த்துட்டு நில்லுங்க.

என் மாமியார் முதல் தடவை எங்க கூட வந்தப்ப எல்லாரும் எழுந்து ஓடுறதை பார்த்துட்டு "இன்னாத்துக்குமா இவ்ளோ அவசரம், சீட்டு நம்பர் போட்டுதான குடுத்துகிறான்"னு கேட்டாங்க. அத்தை கேட்டது நூத்துக்கு நூறு சரி. சேர்ந்து உக்கார இடம் கிடைக்காதோன்னு பயந்துதான் பாதி பேர் முதல்ல ஏறப் பாக்குறாங்க. சீட்டு ஏற்கனவே முடிவானது, முதல்ல ஏறினா மாறாது. 12 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு அப்பா இல்ல அம்மா பக்கத்துலயே சீட் குடுக்கணும்னு ஏர்லைன்ஸை கண்காணிக்கிற டிஜிசிஏ 2024 ஏப்ரல்லயே சொல்லியிருக்கு, ஆனா எல்லாரும் ஒரே பிஎன்ஆர்ல இருக்கணும். ஆஃபர் கிடைக்குதுன்னு தனித்தனியா டிக்கெட் போடாதீங்க.

தனியா குழந்தையோட போற அம்மாக்களுக்கு: பிரிஞ்சு ஏற ஆள் இல்ல, ஒரு கையில பிள்ளையை பிடிச்சுட்டு இன்னொரு கையால 7 கிலோ பேகை மேல தூக்கி வெக்க முடியாது. அதனால கேபின் பேகையும் கவுண்டர்லயே போட்டுடுவேன், தோள்ல ஒரு பை மட்டும், அப்புறம் நிம்மதியா கடைசில ஏறுவேன். துபாய் போனப்ப இப்படித்தான் செஞ்சேன், நல்லா இருந்துச்சு.

எந்த வயசு வரைக்கும் முதல்ல ஏத்துவாங்கங்கிற விஷயத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அமெரிக்காவுல யுனைடெட் மாதிரி ஏர்லைன் 2 வயசு வரைக்கும்னு எழுதியே வெச்சிருக்காங்க. இங்க "சின்னக் குழந்தைகளோட வர்றவங்க"ன்னு பொதுவா கூப்பிடுறாங்க, யாரு சின்னக் குழந்தைன்னு கேட்ல நிக்கிறவங்கதான் முடிவு பண்றாங்க. பையனுக்கு நாலு வயசு இருக்கும்போது ஒரு தடவை விட்டாங்க, அடுத்த மாசமே அதே ஏர்லைன்ல "பெரிய பையன்தானே, லைன்ல வாங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு கையிலயும் பேகை வெச்சுகினு எல்லார் முன்னாடியும் திரும்பி நடக்குறது அவமானமா இருந்துச்சு. எந்த வயசு வரைக்கும்னு டிக்கெட்லயே போட்டா என்ன?

இப்ப பஸ் கதை. கேட் கீழ்தளத்துல இருந்தா பெரும்பாலும் பஸ்தான். குழந்தை இருக்குறவங்களை முதல்ல கூப்பிடுவாங்க, நாமளும் சந்தோஷமா போய் பஸ்ல உள்ள போய் உக்காருவோம், ஆனா பஸ் நிறையற வரைக்கும் கிளம்பாது. கதவு ரெண்டும் திறந்தே கிடக்கும், மே மாச வெயில் அப்படியே உள்ள அடிக்கும், ஒவ்வொருத்தரா வந்து நம்மளை சுத்தி நிப்பாங்க, குழந்தை கண்ணு மட்டத்துல வெறும் பேகும் முழங்காலும்தான். ப்ளேன் கிட்ட போனதும் கடைசில ஏறி கதவு பக்கத்துல நின்னவங்க முதல்ல எறங்கி படிக்கட்டுல ஏறிடுவாங்க, முதல்ல வந்த நாம கடைசி. அந்த ப்ரீ-போர்டிங்ல ஒரு பிரயோஜனமும் இல்ல. அதனால பஸ் கேட்னு தெரிஞ்சா கைக்குழந்தையா இருந்தாலும் நான் எழுந்துக்க மாட்டேன், பஸ் பாதிக்கு மேல நிறைஞ்சப்புறம் போய் கதவு ஓரமா நிப்பேன், யாராவது எழுந்து சீட் குடுத்தா கதவு பக்கத்து சீட்னா மட்டும் உக்காருவேன். சீட் பதினஞ்சாவது வரிசைக்கு பின்னாடின்னா பின் படிக்கட்டுல ஏறுங்க. ஸ்ட்ரோலரை எங்க வாங்கிக்குவாங்க, எறங்கினதும் கையில தருவாங்களா லக்கேஜ் பெல்ட்ல வருமான்னு கேட்லயே கேட்டுடுங்க.

ஏர்லைன்ஸ்காரங்க ஒண்ணே ஒண்ணு செஞ்சா போதும்னு எனக்கு தோணுது. வீல்சேர்ல வர்றவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கவங்க, இவங்களை மட்டும் ஏத்திட்டு முதல் பஸ்ஸை நிறையறதுக்கு காத்திருக்காம அனுப்புங்க. ஃபீட்பேக் ஃபார்ம் வர்றப்பல்லாம் இதைத்தான் எழுதுறேன், நீங்களும் எழுதுங்க.