எஸ்டேட் போர்டுக்கு எந்த ரேடியம் ஷீட்? எட்டு மழைக்காலம் பார்த்த அனுபவம்

வால்பாறைப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். 2016 கடைசியில், எஸ்டேட்டின் வழிகாட்டி போர்டுகள் பதினான்கையும் மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த வருட மழையில் ராத்திரி பிரசவத்துக்குக் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் எங்கள் முக்கில் திரும்பாமல் நேரே போய், அடுத்த ஃபேக்டரி வாசல் வரை போய்த் திரும்பி வந்திருந்தது. போர்டு இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. பெயின்டில் எழுதிய போர்டு, மழை இருட்டில் டிரைவர் கண்ணில் படவில்லை.

நம் ஊரில் இருட்டில் மின்னும் எதற்கும் ரேடியம் என்றுதான் பெயர். அதில் ரேடியம் துளியும் கிடையாது. ஷீட்டுக்குள் இருக்கும் பொடிக் கண்ணாடி மணிகளோ நுண்ணிய பட்டகங்களோ வண்டி விளக்கின் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவுதான். ஆனால் கடையில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் எடுத்துப் போடுவதால், வாங்குகிறவன்தான் விவரம் தெரிந்து கேட்கவேண்டும். வழவழவென்று இருப்பது இன்ஜினியர் கிரேடு. சின்னச் சின்னக் கட்டமாக வடிவம் தெரிவது ஹை இன்டென்சிட்டி பிரிஸ்மாட்டிக். அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் டி4956, புது வெள்ளை ஷீட் நேராக வரும் வெளிச்சத்தைத் திருப்பவேண்டிய அளவாக இன்ஜினியர் கிரேடுக்கு 70-ம் பிரிஸ்மாட்டிக்குக்கு 360-ம் வைத்திருக்கிறது. அதாவது ஒரே விளக்குக்கு ஐந்து மடங்கு. நம் நாட்டுச் சாலைப் பலகைகளுக்கான ஐஆர்சி 67-ம் ஷீட்டுகளை இப்படித்தான் தரம் பிரிக்கிறது.

மெயின் ரோட்டிலிருந்து பிரியும் நான்கு முக்குகளுக்குப் பிரிஸ்மாட்டிக் போட்டேன். உள்ளே எட்டு இடத்துக்கு இன்ஜினியர் கிரேடு. மீதி இரண்டுக்கு, காசு மிச்சமாகட்டும் என்று கடைக்காரர் கொடுத்த பெயரில்லாத ஷீட். அந்த இரண்டும் இரண்டாவது மழைக்கே மெல்லிய வெடிப்பு விட்டு, வெயிலில் உரிந்த தோல் மாதிரி கழன்று வந்தன. அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

இன்ஜினியர் கிரேடு ஆறு வருடம் ஒழுங்காக உழைத்தது. அப்புறம் வெள்ளை மங்கி, ஸ்கிரீன் பிரின்ட் செய்த சிவப்பு அம்புக்குறி ரோஸ் நிறமானது. உள் ரோட்டில் ஜீப் பதினைந்து இருபது கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். அங்கே இதுவே போதும், கூடச் செலவு தேவையில்லை.

பிரிஸ்மாட்டிக் நான்கும் இன்றும் பளிச்சென்று நிற்கின்றன. ஆனால் அந்தப் பளிச்சிலும் ஒரு சிக்கல் வந்தது. பச்சைப் பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்து, கொஞ்சம் தடிமனாகவே வெட்டச் சொல்லியிருந்தேன். ராத்திரி ஹெட்லைட் பட்டதும் எழுத்தின் ஒளி ஓரத்தில் வழிந்து சுழிகள் எல்லாம் அடைத்துக்கொண்டன. 'தோட்டம்' என்பதில் நடு எழுத்தின் புள்ளி எழுத்தோடேயே ஒட்டிவிட்டது. ணை, ழி, ளு எல்லாம் தூரத்திலிருந்து வெறும் வெள்ளை உருண்டை. ஆங்கிலப் பெயர் பாதிக்கப்படவில்லை, நம் எழுத்துக்குத்தான் இந்தக் கஷ்டம். மறுபடி வெட்டும்போது உயரத்தைக் கூட்டி, கோட்டை மெலிதாக்கி, புள்ளியைச் சற்று மேலே தூக்கி வைத்தோம். சரியாகிவிட்டது. பளபளப்பான ஷீட் போடுகிறவர்கள் ஒரு எழுத்தையாவது முதலில் வெட்டி இருட்டில் பார்த்துவிடுங்கள்.

கறுப்பு எழுத்துக்கு மின்னாத ஸ்டிக்கர் ஷீட்டான சாதாரண வினைலே போதும், கறுப்பு எப்படியும் மின்னப் போவதில்லை. வெள்ளை எழுத்தைச் சாதாரண வினைலில் ஒட்டினால்தான் வம்பு. ராத்திரி பச்சைப் பின்னணி மின்னும், எழுத்து இருண்டு கிடக்கும்.

பனியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். டிசம்பர், ஜனவரியில் முன்னிரவில் ஜொலிக்கும் போர்டு, விடியற்காலை நாலு மணிக்கு மங்கிப்போய் நிற்கும். முகம் முழுக்கப் பொடிப்பொடியாகப் பனித்துளி. விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மட்டும் மின்னும். விலை கூடிய ஷீட், குறைந்த ஷீட் இரண்டுக்கும் இதே கதிதான். மூட்டத்திலும் ஷீட்டை நம்பிப் பயனில்லை. திருப்பத்துக்கு முன்னாலேயே இன்னொரு சின்ன போர்டு வைத்தது அதைவிட உதவியது.

எங்கள் லாரி டிரைவர் ஒருநாள், "ஜீப்புல வர்றப்ப பளிச்சுன்னு இருக்குது சார், லாரியில ஏறினா மங்கிடுது" என்றார். உண்மைதான். வெளிச்சம் விளக்கை நோக்கித் திரும்புகிறது, லாரிக்காரர் கண் விளக்குக்கு ரொம்ப மேலே இருக்கிறது. லாரி வரும் முக்குக்கு அதனாலேயே நல்ல ஷீட் வேண்டும்.

ஆனால் எனக்குத் தலைவலி தந்தது ஷீட்டைவிட ஒட்டுகிற வேலைதான். முதல் தடவை இங்கேயே ஷெட்டில், ஜனவரிக் குளிரில் ஒட்டினோம். இந்தப் பசை 18 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது என்பது அப்போது தெரியாது. மூன்று போர்டில் ஓரம் தூக்கிக்கொண்டது. அப்புறம் பொள்ளாச்சியில் வெயில் ஏறிய நேரத்தில் ஒட்டி, காயவைத்து மேலே கொண்டுவந்தோம், நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் போர்வை சுற்றித்தான். போல்ட்டை நேரே முறுக்கினால் ஷீட் சுருண்டு, அந்த ஓட்டை வழியே தண்ணீர் இறங்கும். தலைக்கடியில் நைலான் வாஷர் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. தகடுக்கு 2 மில்லிமீட்டர் அலுமினியம். இரும்புத் தகட்டில் ஒட்டிய ஒன்று துரு ஏறி, ஷீட் நன்றாக இருக்கும்போதே உள்ளிருந்து குமிழ் விட்டது. போர்டை ரோட்டுக்கு நேர் செங்குத்தாக வைக்காமல் ஐந்து டிகிரி போல வெளியே திருப்பினால் கண்கூச்சமும் குறைகிறது.

கடையில் வாங்கும்போது செல்போன் டார்ச்சைக் கண் ஓரத்தில் வைத்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு டார்ச்சைக் கையில் எட்டப் பிடியுங்கள். மின்னல் அப்படியே குறையவேண்டும். குறையாமல் மினுமினுத்தால் அது வெறும் வெள்ளிக் காகிதம்.

பாசி பிடித்தால் சோப்புத் தண்ணீர், மெத்தென்ற துணி. தின்னர் ஊற்றித் தேய்த்த ஒரு பையன் புண்ணியத்தில் ஒரு போர்டு பாழானது.

போன வருடம் மூன்றாம் டிவிஷன் முக்கில் யானைக் கூட்டம் கடந்தபோது கம்பம் மடங்கி, போர்டு முகம் மண்ணில் கிடந்தது. கழுவி நிமிர்த்தி, கம்பத்தை மட்டும் மாற்றினேன். 2017-இல் ஒட்டிய அதே ஷீட், நேற்று ராத்திரியும் ஜீப் வெளிச்சத்தில் 'மருத்துவமனை' என்ற எழுத்தைக் கொண்டை ஊசியின் அந்தப் பக்கத்திலிருந்தே படித்தேன்.