மால்ட்டாவின் மூன்று கோட்டை ஊர்கள்: ஒருநாள் நடைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டலாமா?

கடந்த அக்டோபர் மாதக் கடைசியில், கோவையிலிருந்து இயங்கும் ஒரு பயண நிறுவனத்தின் இத்தாலி–மால்ட்டா சுற்றுலாவில் நானும் என் மனைவியும் சென்று வந்தோம். ஈரோடு, கோபி, பெருந்துறை, திருப்பூர் என்று நம் பக்கத்து ஆட்களாகவே பத்தொன்பது பேர் இருந்தோம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். இத்தாலியைப் பற்றி எழுதுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே, மால்ட்டாவில் "பாரம்பரிய நடை" என்ற பெயரில் தலைக்கு 85 யூரோ தனியாக வாங்கிக்கொண்டு நடத்தப்பட்ட அந்த ஒரு நாளைப் பற்றியும், அதே இடங்களை அடுத்த இரண்டு நாள்களில் நாங்களே மறுபடி நடந்து பார்த்ததைப் பற்றியும் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒரே நாளில் தலைநகர் வல்லெட்டா, பிர்கு, இம்தினா ஆகிய மூன்று கோட்டை ஊர்களையும் காட்டிவிடுவதுதான் திட்டம். தாளில் பார்க்கும்போது அது நன்றாகத்தான் இருந்தது. மால்ட்டா முழுவதும் சேர்ந்தே 316 சதுர கிலோமீட்டர்தான் என்பதால், ஊருக்கு ஊர் தூரம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் வல்லெட்டாவுக்கு ஒதுக்கிய ஒன்றரை மணி நேரத்தில் முப்பத்தைந்து நிமிடத்தை ஒரு வெள்ளிக் கம்பி வேலைப்பாட்டுக் கடை விழுங்கிவிட்டது. பிர்குவில் கிடைத்த நாற்பது நிமிடம் கழிப்பறை வரிசைக்கும் காப்பிக்கும் சரியாகப் போயிற்று. இம்தினாவுக்குச் சென்று சேரும்போது வெயில் இறங்கிவிட்டிருந்தது. "லேசான நடை" என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். வல்லெட்டாவில் தெருவே படிக்கட்டாக இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாவது படிக்கட்டுத் தெருவில் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஏனுங்க, இதுக்குச் சென்னிமலைப் படியே தேவலைங்க, அங்கயாச்சும் மேல போனா முருகன் இருக்கறாரு" என்றார்.

குறை திட்டத்தில்தானே தவிர, வழிகாட்டியிடம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஊர்ப் பெண்மணி அவர், உரிம அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்; எங்கள் ஆங்கிலத்துக்கு ஏற்றபடி நிறுத்தி நிதானமாகப் பேசினார். கடைக்குள் நுழைய வேண்டிய நேரம் வந்தபோது அவர் முகத்திலும் சங்கடம் தெரிந்தது. வல்லெட்டாவின் பேராலயத்துக்குள் நுழையும் கட்டணம் எங்கள் தொகையில் சேரவில்லை என்பதால், வாசலில் நின்றபடியே கையை ஆட்டி ஆட்டி உள்ளே இருப்பதை விவரித்தார். விருந்து வீட்டு வாசலில் நிறுத்தி இலையில் என்னென்ன பரிமாறியிருக்கிறது என்று சொல்வதைப் போலிருந்தது.

அடுத்த நாள் அட்டவணையில் "ஓய்வு" என்றிருந்தது. நாங்கள் இருவரும் காலை எட்டு மணிக்கே கிளம்பி, வல்லெட்டாவின் நுழைவாயிலுக்கு வெளியே டிரைட்டன் நீரூற்றை ஒட்டியிருக்கும் பேருந்து நிலையத்தில் போய் இறங்கினோம். 1565ஆம் ஆண்டு துருக்கியர் முற்றுகையைத் தாக்குப்பிடித்த, புனித யோவான் சபை என்ற கிறித்தவத் துறவுச் சபையின் போர்வீரர்கள், தங்கள் தலைவர் ழான் டி வலேட்டின் பெயரில் 1566 மார்ச் 28 அன்று அடிக்கல் நாட்டிக் கட்டிய நகரம் இது. போப்பாண்டவர் அனுப்பிய பொறியாளர் பிரான்செஸ்கோ லாபரெல்லி கோடு போட்டுக் கொடுக்க, உள்ளூர்க்காரரான ஜெரோலமோ கஸ்ஸார் அதைக் கட்டி எழுப்பினார். தெருக்கள் எல்லாம் சதுரங்கப் பலகை போல நேர்கோட்டில் வெட்டிக்கொள்கின்றன. ஆகவே வழி தவறுவதற்கு வாய்ப்பே இல்லை, எந்தக் குறுக்குத் தெருவில் நின்றாலும் அதன் கடைசியில் ஒரு துண்டுக் கடல் தெரிகிறது. நடுவில் ஓடும் குடியரசுத் தெரு முதுகெலும்பு போல மேட்டில் இருப்பதால், அதிலேயே நேராக நடந்தால் முழங்காலுக்குத் தொந்தரவு இல்லை. படிகள் பக்கத் தெருக்களில்தான் இருக்கின்றன. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எங்கள் குழுவில் நான்கு பேர் பேருந்திலேயே உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் காலிங்கராயன் வாய்க்காலைப் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான் என்பதால், எங்கே போனாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் கேட்பேன். மால்ட்டாவில் ஆறும் கிடையாது, ஏரியும் கிடையாது. வல்லெட்டாவைக் கட்டியபோது வீட்டுக்கு வீடு பாறையைக் குடைந்து மழைநீர்த் தொட்டி வைக்க வேண்டும் என்பது கட்டட விதிகளில் ஒன்று. அதுவும் போதாமல், அலோஃப் டி விக்னகோர்ட் என்ற சபைத் தலைவர் 1610இல் தொடங்கி 1615இல் முடித்த ஒரு கால்வாய், இம்தினாப் பக்கத்து மேட்டிலிருந்து தண்ணீரை வல்லெட்டாவுக்குக் கொண்டுவந்தது. 1283இலேயே பவானியில் அணை கட்டிக் கொடுமுடிப் பக்கம் வரை தண்ணீரைத் திருப்பிய ஊர்க்காரனுக்கு இதில் பெரிய வியப்பு இல்லைதான். ஆனாலும் பள்ளமான இடங்களில் தண்ணீரை வளைவுத் தூண்களின் மேல் நடத்திக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தபோது வண்டியை நிறுத்தச் சொல்லலாமா என்றிருந்தது.

புனித யோவான் இணைப் பேராலயத்துக்கு 15 யூரோ கொடுத்து உள்ளே போனோம். ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு ஆயிரத்து ஐந்நூறு. கணக்குப் பார்க்கும் கைதான் நமக்கு, ஆனாலும் கொடுக்கலாம். வெளியே கோட்டைச் சுவர் போல மொட்டையாக நிற்கும் கட்டடம், உள்ளே கால் வைத்ததும் தங்க முலாமாக விரிகிறது. தரை முழுவதும் பல நிற சலவைக்கல் பதித்த ஏறத்தாழ 400 கல்லறைப் பலகைகள். எலும்புக்கூடுகளும் கேடயங்களும் வரைந்த அந்தப் பலகைகளின் மேல்தான் நடக்க வேண்டும். கூர்க் குதிகால் செருப்பை அனுமதிக்காததற்குக் காரணம் அதுதான். தோளை மூடும் உடையும் வேண்டும். சேலை கட்டியவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. கரவாஜியோ 1608இல் தீட்டிய யோவானின் தலை கொய்யப்படும் ஓவியம் பக்கத்துக் கூடத்தில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டிருக்கிறது. அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியம் அது, கையொப்பமும் தரையில் வழியும் இரத்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. முதல் நாள் கடையில் கழித்த முப்பத்தைந்து நிமிடத்தை இந்த ஓவியத்தின் முன்னால் கழித்திருக்கலாம்.

நண்பகலில் மேல் பராக்கா தோட்டத்தில் பீரங்கி வெடிப்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து 58 மீட்டர் கீழே இறங்கும் மின்தூக்கியில் துறைமுக விளிம்புக்குப் போய், இரண்டு யூரோ கொடுத்து "டைசா" எனப்படும் சிறு படகில் எதிர்க்கரைக்குச் சென்றோம். முதல் நாள் இதே பிர்குவுக்குப் பேருந்தில் சுற்றிக்கொண்டு அழைத்துப்போய் நேரத்தை வீணாக்கினார்கள். படகில் போனால் சில நிமிடம்தான், கோட்டைகளைத் தண்ணீர் மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்க்கவும் முடிகிறது.

மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால், நான் பிர்குவைத்தான் சொல்வேன். வீரர்கள் 1530இல் தீவுக்கு வந்ததும் குடியேறிய ஊர் இது. முற்றுகையைத் தாங்கியதும் இதுதான், வல்லெட்டா பிறகு வந்தது. வல்லெட்டாவின் நேர்கோட்டுக்கு நேர்மாறாக, இங்கே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள் வளைந்து வளைந்து போகின்றன. முதல் மாடிகளில் பச்சையும் சிவப்பும் பூசிய மரக் கூண்டு போன்ற மூடிய முகப்புகள் தெருவை எட்டிப் பார்க்கின்றன. நம் ஊரில் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார்கள், இவர்கள் மாடியில் மறைவாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு சந்தில் சுவரில் கை வைத்தேன். குளோபிஜெரினா எனப்படும் தேன் நிறச் சுண்ணாம்புக்கல். உப்புக் காற்று அரித்து, தேனடை போலக் குழி குழியாக இருந்தது. கையை எடுத்தபோது விரல் நுனியில் மஞ்சள் கிழங்கை உரசியது போல மெல்லிய தூள் ஒட்டியிருந்தது. நம் பக்கத்துக் கருங்கல்லைத் தொட்டுப் பழகிய கைக்கு, இவ்வளவு இளகிய கல்லில் முற்றுகைகளையும் இரண்டாம் உலகப் போரின் குண்டுகளையும் தாங்கிய ஊர்கள் நிற்பது நம்ப முடியாததாக இருந்தது. போர்க்காலத்தில் மக்கள் ஒளிந்திருக்கப் பாறைக்குள் குடைந்த பதுங்கறைகளை இங்குள்ள அருங்காட்சியகத்தில் இறங்கிப் பார்க்கலாம். கத்தோலிக்கத் திருச்சபை மதக் குற்றங்களை விசாரிக்க வைத்திருந்த மன்றத்தின் மாளிகையும் பக்கத்திலேயே இருக்கிறது. இவை எதற்கும் முதல் நாளின் நாற்பது நிமிடத்தில் இடமில்லை.

மூன்றாம் நாள் 51ஆம் எண் பேருந்தில் இம்தினாவுக்குப் போனோம். ஓட்டுநர் பாலக்காட்டுக்காரர். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "கோயமுத்தூர் பக்கங்களா?" என்று தமிழிலேயே கேட்டு, முன்னிருக்கையில் உட்காரச் சொன்னார், விக்னகோர்ட்டின் வளைவுத் தூண்களை நான் பார்த்தது அப்படித்தான். இம்தினா என்பது மதீனா என்ற அரபுச் சொல்லின் மால்ட்டா வடிவம். லத்தீன் எழுத்தில் எழுதப்படும் அவர்கள் மொழி அரபு மொழியின் வழிவந்தது. முந்நூறு பேருக்கும் குறைவாக வாழும் மதில் ஊர் இது, அங்கு வசிப்பவர்களைத் தவிர மற்றவர்களின் கார்களுக்குப் பெரும்பாலும் அனுமதியில்லை. "அமைதி நகரம்" என்று பெயர். காலை பத்து மணிக்கு மேல் அந்தப் பெயர் பொருந்தாது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மதிலுக்கு வெளியே, பக்கத்து ஊரான ரபாத்தின் விளிம்பில் உள்ள ரோமானிய மாளிகையின் தரை ஓவியங்களைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல் எடுத்த நாட்டிலிருந்து போய்விட்டு, பத்து நிமிட நடையில் இருக்கும் இதைக் காட்டாமலே எங்களை முதல் நாள் திருப்பி அழைத்து வந்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்டிட்சி என்ற அடுக்கு மாவுப் பண்டம் பாலாடைக் கட்டியோ பட்டாணியோ வைத்துத் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. பட்டாணி வைத்தது நம் பப்ஸுக்கு அண்ணன். மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பவர்களும் உண்டு என்பதால், சைவர்கள் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். காலணி ரப்பர் அடி உள்ளதாக இருக்கட்டும், தேய்ந்து வழுவழுத்த சுண்ணாம்புக்கல் பாவிய தெருக்கள் ஒரு தூறலுக்கே வழுக்கும்.

எங்கள் இரண்டு நாள் செலவு, பேராலயக் கட்டணம் உட்பட, தலைக்கு நாற்பது யூரோவைத் தாண்டவில்லை. ஆகவே இந்த ஒருநாள் நடைக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன், அந்த இரண்டும் வழிகாட்டிக்கு உரியவை. ஊர் திரும்பியதும் நிறுவனத்துக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அடுத்த குழுவுக்குப் பேராலயக் கட்டணத்தைச் சேர்த்துவிடுகிறோம் என்று பதில் வந்தது. கடையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.