டேப் தட்டினால் காக்க வைக்கும் கருவி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

புது மடிக்கணினி வாங்கிய நண்பர் போன வாரம் கேட்டார்: "பாஷ் (Bash) ஷெல்லை விட்டுட்டு இசட் ஷெல்லுக்கு (Zsh) மாறினா டேப் கம்ப்ளீஷன் வேகமாகுமா?" டெர்மினலில் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டுவது ஷெல்; பாதி தட்டிய கட்டளையை டேப் விசை நிறைவு செய்து கொடுப்பது டேப் கம்ப்ளீஷன். இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஷெல்லை மாற்றினால் இது தீராது. தாமதம் பெரும்பாலும் ஷெல்லில் இல்லை. டேப் தட்டியதும் ஷெல் யாரிடம் போய்க் கேட்கிறதோ அங்கே இருக்கிறது.

என்னை வாட்டுவது ஒரே ஒரு கருவி. சர்வர்களில் புதுப் பதிப்பை ஏற்றுவதற்காக அலுவலகத்துக்குள்ளேயே பைத்தான் நிரல்மொழியில் எழுதியது. துணைக் கட்டளைகள் நிறைய, ஆப்ஷன்கள் அதைவிட நிறைய. டேப் இல்லாமல் யாராலும் ஓட்ட முடியாது. அதன் வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் டேப் தட்டினால் ஒரு நொடிக்கு மேல் ஒன்றுமே நடக்காது. கர்சர் அப்படியே நிற்கும். பொருந்தும் பெயரே இல்லையா, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறதா, தெரியாது. பொறுக்காமல் மேற்கொண்டு தட்டிய எழுத்துகள் எல்லாம் அப்புறம் மொத்தமாக வந்து விழும், அதுவும் நிறைவான சொல்லுக்குப் பின்னால். அழித்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும். பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால்தான் அது உடனே வந்ததாக மனம் ஏற்கும் என்று பயன்பாட்டு வடிவமைப்பு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1993-இலேயே எழுதிவிட்டார். முழுச் சொல்லையும் கையால் அடிப்பதைவிட டேப்புக்கு அதிக நேரம் பிடித்தால் அந்த விசை எதற்கு?

உள்ளே நடப்பது இதுதான். டேப் கம்ப்ளீஷனுக்குக் கருவி ஆர்க்கம்ப்ளீட் (argcomplete) என்ற பைத்தான் நூலகத்தை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பை, நம்பியிருக்கிறது. ஒவ்வொரு டேப்புக்கும் ஷெல் அந்தக் கருவியையே ஓட்டுகிறது. பைத்தான் தொடங்கி, கருவி கேட்கும் நூலகங்கள் அத்தனையும் இம்போர்ட் ஆகி (நினைவகத்தில் ஏறி), கட்டளையின் சொற்களைப் பிரித்துப் படிக்கும் ஆர்குமென்ட் பார்சர் முழுதாக உருவாகி, அதன் பிறகே "இந்த இரண்டு சொற்கள் பொருந்தும்" என்ற பதில் வருகிறது. உப்பு இருக்கிறதா என்று கேட்டதற்கு, கடைக்காரர் கோடவுனைத் திறந்து மூட்டைகளை எல்லாம் இறக்கிவிட்டு "இருக்கு" என்பதைப் போல. அடுத்த டேப்புக்கு மறுபடியும் முதலிலிருந்து.

ஆர்க்கம்ப்ளீட்டைக் குறை சொல்வது நியாயமில்லை. கனமான இம்போர்ட்களுக்கு முன்பே என்னைக் கூப்பிடு என்று அதன் ஆவணமே சொல்கிறது. அதன் பெரிய நன்மை, அது பொய் சொல்வதில்லை. பட்டியல் பார்சரிலிருந்தே வருவதால் நேற்றுச் சேர்த்த ஆப்ஷனும் இன்று தெரியும். தனியாக எழுதி வைத்த கம்ப்ளீஷன் கோப்புக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

பொறுமை போனதும் பழுது பார்க்க உட்கார்ந்தேன். பைத்தான் 3.7-இலிருந்து 'இம்போர்ட்டைம்' என்ற வசதி உண்டு. இம்போர்ட் ஆகும் எந்த மாட்யூல் (நிரல் பகுதி) எவ்வளவு நேரம் தின்கிறது என்று வரிவரியாகக் காட்டிவிடும். எங்கள் கருவியில் பெரும்பங்கைத் தின்றது கிளவுட் நூலகம். ஏற்றும் கட்டளைக்கு மட்டுமே தேவையான அதைக் கோப்பின் தலையில் இம்போர்ட் செய்திருந்தார்கள். அந்தக் கட்டளைக்கான ஃபங்ஷனுக்குள் நகர்த்தியதுமே பாதிக்கு மேல் நேரம் குறைந்தது.

அதற்குப் பிறகும் பைத்தான் எழுந்திருக்கும் நேரம் மிச்சம் இருந்தது. அங்கேதான் எஸ்எச்டேப் (shtab) என்ற இன்னொரு பைத்தான் நூலகம் கைகொடுத்தது. அது பார்சரை ஒரே ஒரு முறை படித்து, துணைக் கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் வெறும் ஷெல் ஸ்கிரிப்டாக எழுதிக் கொடுத்துவிடும். அதைக் கருவி நிறுவும்போதே உருவாக்கிவிட்டால் கோப்பும் பழசாகாது. டேப் தட்டும்போது பைத்தான் எழுந்திருக்கவே வேண்டாம். சர்வர் பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பவை. அவற்றை ஒரு சிறு கோப்பில் கேஷ் செய்து (தற்காலிகமாகச் சேமித்து), பின்னணியில் புதுப்பிக்கிறேன். எப்போதாவது நீக்கிய சர்வரின் பெயர் பட்டியலில் வரும். வரட்டும், கட்டளை ஓடும்போது பிழை காட்டிவிடும். இப்போது டேப்பில் விரல் பட்டதும் பட்டியல், இசட் ஷெல்லில் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒரு வரி விளக்கத்தோடு. அந்த விளக்கங்களுக்காகவே இசட் ஷெல்லை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த விஷயத்தில் மிக நன்றாகச் செய்திருப்பது, நிரல் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் (Git) கருவி. அதன் பாஷ் கம்ப்ளீஷனை 2006-இல் தொடங்கியவர் ஷான் பியர்ஸ். அதற்குப் பிறகு வந்தவர்கள் ஸ்கிரிப்டில் தேவையில்லாத சப்ஷெல்களை (ஷெல் தன் வேலைக்காகத் தொடங்கும் துணைப் புராசஸ்களை) ஒவ்வொன்றாகச் செதுக்கி எடுத்தார்கள். விண்டோஸில் ஒரு புது புராசஸ் பிறப்பதற்கு ஆகும் செலவு மிக அதிகம் என்பதால் அங்கே ஒவ்வொரு சப்ஷெல்லும் கண்ணுக்குத் தெரியும் தாமதம். 2018-இலிருந்து ஆப்ஷன் பட்டியலை கிட் கட்டளைகளே சொல்கின்றன. ஸ்கிரிப்ட் அதை ஒரு முறை கேட்டு, அந்த ஷெல்லை மூடும்வரை ஒரு மாறியில் (variable) வைத்துக்கொள்கிறது. பொய்யும் இல்லை, காத்திருப்பும் இல்லை. பழைய கருவி ஒன்றில் இவ்வளவு அக்கறையைப் பார்க்கும்போது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

நண்பர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸின் கட்டளைக் கருவியான கியூப்சிடிஎல் (kubectl) போன்றவற்றின் கம்ப்ளீஷனை ஷெல்லின் தொடக்கக் கோப்பில் நேரடியாக ஓட்ட வேண்டாம். புது டெர்மினல் திறக்கும்போதெல்லாம் அந்தக் கருவி ஒரு முறை ஓடும். அதன் வெளியீட்டைக் கோப்பாக எழுதி, இசட் ஷெல் தேடும் ஃபங்ஷன் கோப்புறையில் வைத்துவிட்டால் முதல் டேப்பின்போதுதான் ஏறும். பாஷ் கம்ப்ளீஷன் 2-ஆம் பதிப்பும் இப்படித்தான் தேவைப்படும்போது ஏற்றுகிறது. பாட் (அங்கே ஓடும் நிரல் அலகு) பெயர்களுக்காக கியூப்சிடிஎல் கிளஸ்டரையே (அந்தச் சர்வர் தொகுப்பையே) போய்க் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பதில் வேறெங்கும் இல்லையே.

சரி, தீர்ப்பு. எங்கள் கருவியின் புதுப் பதிப்பு வந்துவிட்டது. அதே கிளவுட் நூலகம் மறுபடியும் கோப்பின் தலையில் இம்போர்ட் ஆகிறது; நிறுவும் ஸ்கிரிப்டும் பழையபடி ஆர்க்கம்ப்ளீட்டையே பதிவு செய்கிறது. என் கணினியில் என் கோப்பு இருக்கிறது, நண்பரின் கணினியில் இல்லை. எனவே அவருக்கு என் பதில்: இசட் ஷெல்லுக்குத் தாராளமாக மாறுங்கள், ஆனால் இந்தக் கருவிக்கு டேப் கம்ப்ளீஷனைப் பதிவே செய்ய வேண்டாம். கண்ட்ரோல் ஆர் தட்டிப் பழைய கட்டளையைத் தேடி எடுப்பது இதைவிட வேகம். கம்ப்ளீஷன் பாதையில் அந்த நூலகம் இம்போர்ட் ஆனால் பில்ட் (புதுப் பதிப்பு உருவாக்கம்) தோற்கும்படி ஒரு டெஸ்ட் எழுதி, கருவியை எழுதியவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அதைச் சேர்க்கும்வரை என் பதில் மாறாது.