கிட்டார் ஒலிகளை நடைவாரியாக அடுக்குதல்: மிடி ஃபுட் கண்ட்ரோலருடன் பல ஆண்டுகள்

மொரீசியசில் திருமண வரவேற்புகளிலும் கோவில் விழா மேடைகளிலும் வாசிக்கும் குழு ஒன்றில் நான் லீட் கிட்டார் வாசிக்கிறேன். காலால் மிதித்து மிடி (இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) வழியாகக் கட்டளை அனுப்பும் பெஹ்ரிஞ்சர் எஃப்சிபி1010 ஃபுட் கண்ட்ரோலரையும், அதன் கட்டளைகளை ஏற்றுக் கிட்டார் ஒலியை மாற்றும் லைன் 6 ஹெச்எக்ஸ் எஃபெக்ட்ஸ் கருவியையும் பல ஆண்டுகளாகச் சேர்த்துப் பயன்படுத்தி வருகிறேன். முன்னதில் பத்து பேங்குகளும் (மிதிவிசைகளுக்கு வைக்கும் கட்டளைத் தொகுப்புகள்), ஒவ்வொரு பேங்கிலும் பத்து மிதிவிசைகளும் உண்டு. பின்னது 128 ப்ரீசெட்டுகளை (சேமித்துவைத்த ஒலி அமைப்புகளை) வைத்துக்கொள்ளும். இவ்வளவு இடம் கிடைத்தபின் எதை எங்கே வைப்பது என்ற கேள்விதான், கருவியின் தரத்தைவிட மேடையில் அதிகமாகப் பேசுகிறது.

பாட்டுக்கு ஒரு ப்ரீசெட் என்று வைப்பது பலரும் மேற்கொள்ளும் முறை. பாட்டு வரிசை முன்கூட்டியே உறுதியாக இருக்கும் கச்சேரிக்கு அது பொருந்தும். எங்கள் வரவேற்பு மேடைகளிலோ, விருந்தினர் கேட்பதற்கேற்ப வரிசை நொடியில் மாறிவிடும். திரைப்பாடல்களில் தொடங்கும் மாலை பெரும்பாலும் மொரீசியசின் ஆட்ட இசையான செகாவில்தான் போய் முடியும். ஆகவே நான் பேங்குகளைப் பாட்டின் பெயரால் பிரிக்காமல் தாள நடையால் பிரித்திருக்கிறேன்: முதல் பேங்க் சதுச்ரம் (அடி நான்காகப் பிரிவது), இரண்டாவது திச்ரம் (மூன்றாகப் பிரிவது), மூன்றாவது பஜனைக்கு.

இதற்குக் காரணம் டிலே, அதாவது வாசித்ததைச் சற்றுக் கழித்து எதிரொலியாகத் திருப்பித் தரும் எஃபெக்ட். நிமிடத்திற்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடியின் நீளம் 500 மில்லிநொடி. நான்கு நான்காகப் பிரியும் திரைப்பாடலில், அடியின் முக்கால் பங்கான 375 மில்லிநொடியில் எதிரொலி விழுந்தால், அது கிட்டாரின் இழைகளுக்கு நடுவே அழகாகப் பின்னிக்கொள்ளும். அதே அமைப்போடு செகாவுக்குள் நுழைந்தால் தாளம் கலங்கிவிடுகிறது. செகா 6/8 கதியில் நடப்பது. அங்கே ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரிகிறது. ரவான் பறையும் குலுக்கி ஒலிக்கும் மராவானும் 167, 333, 500 மில்லிநொடி என்ற புள்ளிகளில் ஒலிக்கும்போது, 375இல் விழும் எதிரொலி எந்தப் புள்ளியோடும் சேராமல் தனியே தடுமாறும். அதனால் திச்ர பேங்கிலுள்ள ஒவ்வொரு டிலேயையும் அடியின் மூன்றில் இரண்டு பங்குக்கு, அதாவது இதே வேகத்தில் 333 மில்லிநொடிக்கு வைத்திருக்கிறேன். டெம்போவைப் ப்ரீசெட்டுக்குத் தனியாக வைக்காமல், எல்லாவற்றிற்கும் பொதுவாக இருக்கும்படி அமைத்துள்ளேன். டிரம்ஸ் வாசிப்பவர் அடியின் வேகத்தை மாற்றாமல் நடையை மட்டும் மாற்றிச் செகாவுக்குள் அழைத்துப் போகும்போது, நான் மறுபடியும் டாப் டெம்போவைத் (காலால் தட்டி வேகத்தைப் பதியும் விசையை) தட்ட வேண்டியதில்லை. பேங்கை மாற்றி அதிலுள்ள ப்ரீசெட்டை மிதித்தால் போதும். இந்த ஓர் ஏற்பாட்டுக்காகவே இந்த முறையை மற்றவர்களுக்கு உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

பஜனை பேங்கில் ஓவர்டிரைவ் இல்லாததைத் தவிர, மிதிவிசைகளின் பொருள் எந்தப் பேங்கிலும் மாறாது. கீழ் வரிசையில் 1 தெளிந்த ஒலி, 2 கோரஸ் சேர்ந்த ஒலி, 3 கரகரப்பான ஓவர்டிரைவ், 4 லீட், 5 டாப் டெம்போ. மேல் வரிசை ப்ரீசெட்டுகளுக்கு. எஃப்சிபி1010இன் திரை எண்களை மட்டுமே காட்டும் என்பதால், இடமே பெயராக இருக்க வேண்டியிருக்கிறது. பாடகரைப் பார்த்துக்கொண்டே கால் தானாகப் போகும் அளவுக்கு அது பழகியும்விடுகிறது. பேங்கை ஏற்றும்போது கண்ட்ரோலர் எந்தக் கட்டளையையும் அனுப்புவதில்லை. அடுத்த மிதிவிசையை அழுத்தியபின்தான் செய்தி போகும். எனவே கடைசிச் சுரம் நீண்டுகொண்டிருக்கும்போதே பேங்கை மாற்றிவிட்டுக் காத்திருக்கலாம்.

1 முதல் 4 வரை நான் ப்ரீசெட்டுகளை வைக்காமல், ஒரே ப்ரீசெட்டுக்குள் நிலையை மாற்றும் ஸ்னாப்ஷாட்டுகளை வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. மிடி கேபிளில் நொடிக்கு 31,250 பிட் ஓடுகிறது. ப்ரீசெட்டை மாற்றச் சொல்லும் ஒரு ப்ரோகிராம் சேஞ்ச் செய்தி ஒரு மில்லிநொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். மாற்றத்தின்போது கேட்கும் சிறு இடைவெளி கேபிளால் வருவதன்று. கருவி பழைய எஃபெக்டுகளை இறக்கிப் புதியவற்றை ஏற்றுவதால் வருவது. ஸ்னாப்ஷாட்டில் எஃபெக்டுகள் அப்படியே இருக்க, அவற்றின் நிலை மட்டும் மாறுவதால் எதிரொலியின் வால் அறுபடுவதில்லை. கண்ட்ரோல் சேஞ்ச் 69 என்ற மிடி கட்டளைக்கு 0 முதல் 3 வரை மதிப்பு அனுப்பினால் நான்கு ஸ்னாப்ஷாட்டுகளும் கிடைக்கும். பாட்டுக்குள் ஸ்னாப்ஷாட், பாட்டுகளுக்கு இடையே ப்ரீசெட் என்பதே நான் கடைப்பிடிக்கும் விதி.

எண் பொருத்தத்தில் கவனம் தேவை. மிடி எண்கள் 0இல் தொடங்குகின்றன. ஹெச்எக்ஸ் எஃபெக்ட்ஸ் தன் ப்ரீசெட்டுகளை ஏ முதல் டி வரை நான்கு நான்காகக் காட்டுகிறது. ஆகவே 01ஏ என்பது 0, 02ஏ என்பது 4. இந்த அட்டவணையை ஒரு தாளில் எழுதிக் கண்ட்ரோலரின் அடியில் ஒட்டி வைத்துள்ளேன்.

ஒலியளவைச் சமப்படுத்துவதில்தான் அதிகப் பொறுமை வேண்டும். குறைந்த சத்தத்தில் மனிதக் காது தாழ்ந்த சுரங்களைக் குறைவாகவே உணரும். எனவே வீட்டில் மெதுவாக வைத்து அமைத்த ஒலி மண்டபத்தில் அடித்தொனி மிகுந்து கனத்துப் போகும். மேடைச் சத்தத்திலேயே, முழுக் குழுவும் வாசிக்கும்போது, ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்வதே நம்பத்தக்க வழி. லீட் ஒலி தாள ஒலியைவிட 3 டெசிபெல் அளவுக்கு உயர்ந்திருந்தால், பாடகரை மூடாமல் முன்னே வந்து நிற்கிறது. வால்யூம் பெடலை ஓவர்டிரைவுக்குப் பின்னும் டிலேக்கு முன்னும் வைத்திருக்கிறேன். அப்போது ஒலியின் கரகரப்பு குறையாமல் அளவு மட்டும் இறங்கும், எதிரொலியும் இயல்பாக அடங்கும். பஜனை பேங்கில் இந்தப் பெடலுக்கே பெரும்பாலான வேலை. தைப்பூசக் காலத்து நிகழ்ச்சிகளில் கிட்டார் ஆர்மோனியத்துக்குப் பின்னணியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதால், அங்கே டிஸ்டார்ஷன் எதையும் நான் வைக்கவில்லை.

கண்ட்ரோலரின் அமைப்பை சிஸ்எக்ஸ் என்ற மிடி செய்தி வழியாகவும், ஹெச்எக்ஸ் எஃபெக்ட்ஸின் அமைப்பை ஹெச்எக்ஸ் எடிட் என்ற மென்பொருள் வழியாகவும் கணினியில் சேமித்துவைக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் சேமிப்பது அவசியம், ஒன்று மட்டும் பழையதாக இருந்தால் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். இங்குள்ள மண்டபங்களில் ஆங்கிலேய முறை மூன்று முனைச் சாக்கெட்டும் பிரெஞ்சு முறை இரண்டு முனைச் சாக்கெட்டும் கலந்திருப்பதால், இரண்டுக்குமான அடாப்டர்கள் என் பையில் எப்போதும் இருக்கும்.

நான்கைந்து ஒலிகளே போதும் என்பவருக்கு ஹெச்எக்ஸ் எஃபெக்ட்ஸில் உள்ள மிதிவிசைகளே போதுமானவை. அகலமான கண்ட்ரோலரைத் தூக்கிச் செல்லத் தேவையில்லை. ஒரே மாலையில் திரைப்பாடல், பஜனை, செகா மூன்றையும் வாசிக்க வேண்டியவர்களுக்கு இரண்டு கருவிகளும் சேர்ந்த இந்த ஏற்பாடு வாங்கத் தகுந்தது.