ஷார்ஜாவில் பழைய பிக்அப் வாங்கப் போறீங்களா? டேங்க்ல என்ன பெட்ரோல் இருக்குன்னு கேளுங்க

சொல்லவே கூச்சமா இருக்கு. பதினோரு வருஷமா இந்த ஊர்ல வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன், மிளகு சைஸ் ரெசிஸ்டர் (கரண்டைத் தடுக்கிற சின்ன எலக்ட்ரானிக் சாமான்) ஒண்ணுகிட்ட ஏமாந்துட்டேன்.

போன ஜூன்ல வாங்கினது. 2008 மாடல், ஒரு டன் பெட்ரோல் பிக்அப், 17,500 திர்ஹாம். வித்தவர் நம்ம ஊர்ப்பக்கம்தான். "ஊர்க்காரன்கிட்ட பொய் சொல்லி எங்க தம்பி போகப்போறேன்"னு சமோசாவும் டீயும் வாங்கிக் கொடுத்தார். வெயில் தாழட்டும், ராத்திரி எட்டுக்கு மேல வந்து ஓட்டிப் பாருன்னார். அந்த அக்கறைக்கு அர்த்தம் அப்புறம்தான் புரிஞ்சது. காலி வண்டி, மேடு பள்ளமில்லாத ரோடு, எஞ்சின் சத்தமே இல்லை. செக் எஞ்சின் லைட்டும் எரியலை. பாஸிங் (பதிவுக்கான வண்டி சோதனை) ஆச்சு, முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) என் பேருக்கு வந்துடுச்சு.

அந்த டேங்க் தீர்ந்ததும் வழக்கம்போல ஆக்டேன் கம்மியான 91 பெட்ரோல் அடிச்சேன். மறுநாள் மத்தியானம் ஏசி டக்ட் ஏத்திக்கிட்டு கொர்ஃபக்கான் பக்கம் மலை ஏறும்போது, தகர டப்பால கடலையைப் போட்டுக் குலுக்கின மாதிரி கணகணன்னு சத்தம். ஆக்ஸிலேட்டரை விட்டா நிக்குது, மிதிச்சா வருது.

முதல்ல போன கராஜ்ல பிளக், காயில், இன்ஜெக்டர் கிளீனிங்னு 950 திர்ஹாம் பில். சத்தம் அப்படியே இருக்கு. கேட்டா, "பழைய வண்டின்னா இப்படித்தான்." எதையும் சோதிக்காம சாமானை மாத்திப் பார்க்கிறதுக்குப் பேர் ரிப்பேரா?

அடுத்து இண்டஸ்ட்ரியல் ஏரியால ஒரு மலையாளி சேட்டன். அவர் ஸ்பேனரைத் தொடலை. ஆக்டேன் கூடின 98 பெட்ரோல் அடிச்சு அதே மேட்டுல ஏறிட்டு வரச் சொன்னார். சத்தம் முக்கால்வாசி போயிடுச்சு. அப்போ இது பேரிங்கோ வால்வோ இல்லை, நாக்கிங்தான். பிளக் பத்தவைக்கிற தீ பரவுறதுக்குள்ள மிச்சப் பெட்ரோல் சூட்டுலயும் அழுத்தத்துலயும் தானாவே வெடிக்குது. ஆக்டேன்னா பெட்ரோல் அப்படித் தானா வெடிக்காம தாங்குற அளவு, அது கூடினா சத்தம் அடங்கும். வித்தவர் டேங்க்ல எதை ஊத்தி வச்சிருப்பார்னு அப்பத்தான் உறைச்சது.

அப்புறம் ஸ்கேனரை மாட்டி, எஞ்சினை ரெண்டாயிரம் ஆர்பிஎம்ல வச்சு, நாக் சென்சார் (அந்த நாக்கிங் அதிர்வைக் கண்டுபிடிக்கிற சாமான்) பக்கத்துல எஞ்சின் பிளாக்கைச் சின்னச் சுத்தியால தட்டினார். சென்சார் உயிரோட இருந்தா டைமிங் நம்பர், அதாவது பிளக் எவ்வளவு முன்னாடி பத்தவைக்குதுங்கிற கணக்கு, சட்டுன்னு இறங்கணும். அசையவே இல்லை. ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போனா, கறுப்பு டேப் சுத்தின ஒரு முடிச்சு. பிரிச்சா உள்ள 560 கிலோ ஓம் ரெசிஸ்டர், சென்சாருக்குப் பதிலா. இந்த மாதிரி எஞ்சின்ல கம்ப்யூட்டர் அந்த ஒயர்ல ரெசிஸ்டன்ஸ் சரியா இருக்கான்னுதான் பார்க்கும், சரியா இருந்தா லைட்டைப் போடாது. ஆனா நாக் ஆகுறது அதுக்குக் கேட்கவே கேட்காது, டைமிங்கைக் குறைக்காது. அசல் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில இருக்கு, மாத்தணும்னா மேல எல்லாத்தையும் கழட்டணும். அந்தக் கூலியை மிச்சம் பிடிச்சிருக்காங்க. பிளக் ஓட்டை வழியா கேமரா விட்டுப் பார்த்தா பிஸ்டன் தலையில அப்படி ஒரு கரி. மூணாவது சிலிண்டர்ல கம்ப்ரஷன் (உள்ளே அழுத்தம் பிடிக்கிற அளவு) 110 psi, மத்ததெல்லாம் 160க்கு மேல.

வாங்குறவங்க மத்தியான வெயில்ல போங்க. உங்க காசுல 91 அடிச்சு, ஏசியைப் போட்டு, நாலு மூட்டையாவது ஏத்தி, பெரிய கியர்லயே மேடு ஏத்திப் பாருங்க. பாஸிங்கை நம்பாதீங்க, டெஸ்டிங் சென்டர்ல காம்ப்ரிஹென்சிவ் டெஸ்ட்னு தனியா காசு கட்டிக் கேளுங்க. இதுக்கெல்லாம் சம்மதிக்காதவர்கிட்ட டீ கூட குடிக்காதீங்க.

வித்தவருக்குப் போன் போட்டேன். "நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும் தம்பி"ன்னார். அதுக்கப்புறம் எடுக்கலை. புது சென்சார் போட்டாச்சு, கரியும் எடுத்தாச்சு. மூணாவது சிலிண்டருக்கு எஞ்சினைப் பிரிக்கணும், அதுக்கு இப்போ கையில காசில்லை.